புதுப்பிப்பு: காப்பர் ஒயரை உரித்து விற்பது கட்டுப்படியாகுமா?

பழைய காப்பர் ஒயரைத் தோல் உரித்து விற்றால் லாபமா என்பது ஒயரைப் பொறுத்தது என்று முன்பு எழுதியிருந்தேன். கணக்கு கேட்டவர்களுக்கு: 1 மீட்டர் வெட்டி எடை போடுங்கள். உரித்து, செம்பை மட்டும் மறுபடி போடுங்கள். 2.5 சதுர மி.மீ. வீட்டு ஒயர் என்றால் செம்பு சுமார் 22 கிராம் நிற்கும். செம்பின் எடையை மொத்த எடையால் வகுத்து, உரித்த செம்பின் கிலோ விலையால் பெருக்குங்கள். காயலான் கடையில் தோலோடு சொல்லும் விலையைவிட நன்றாகக் கூடினால்தான் கத்தியைத் தொடுங்கள். சார்ஜர், டெலிபோன் ஒயரையெல்லாம் அப்படியே போட்டுவிடலாம். உரிக்கிற கூலிகூடத் தேறாது.

எரிக்கவே வேண்டாம். ஒயர்த் தோலான பிவிசி பிளாஸ்டிக்கின் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுப் பொருள்கள் வரும். செம்பும் கறுத்து விலை இறங்கும்.

கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, தனியாகக் கட்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் பெரும்பாலும் செம்பு போர்த்திய அலுமினியம்.