புதியவர்களுக்குத் தேனீப் பெட்டியைச் சும்மா கொடுக்கலாமா?

குலசேகரம் தோட்டக்காரன்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் 38 பெட்டி இந்தியத் தேனீ இருக்கிறது. நவம்பரில் ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்தால் பத்து கூட்டமாவது மிஞ்சும். வழக்கமாக விற்றுவிடுவேன். இந்த வருஷம் விற்காமல், புதிதாகத் தொடங்க ஆசைப்படும் பத்துப் பேருக்குப் பெட்டியோடு இலவசமாகக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு நாலு பெட்டி இருந்தது. இப்போது நானும் இன்னொருவரும் மட்டும்தான். 1920களில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் ஏழை வீடுகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக் கொடுத்ததால்தான் இந்தத் தொழில் இந்தப் பக்கம் பரவியது. அது என் கண் முன்னால் அழிவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உங்கள் கருத்து என்ன?

ஏழு சட்டம்:
தம்பி, நல்ல மனசு. ஆனால் கொடுக்காதே. பத்தில் எட்டு அடுத்த ஆடி மாதம் தாண்டாது. நவம்பரில் கொடுத்தால் ஜனவரியில் ரப்பர் தளிர்விடும், இலைக்காம்பில் தேன் சுரக்கும், பெட்டி தானாக நிறையும். மார்ச் வரை யார் வைத்தாலும் தேன் கிடைக்கும். வாங்கியவர் தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பார். ஜூனில் மழை பிடித்ததும் பூ இருக்காது, சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சும்மா வந்த பெட்டிக்குக் காசு போட்டுச் சர்க்கரை வாங்க மாட்டார். கூட்டம் ஒருநாள் காலையில் மொத்தமாகப் பறந்து போய்விடும்.

பாகல் பந்தல்:
ஏழு சட்டம் ஐயா சொல்வது என் வீட்டில் நடந்தது. நான் ஒட்டன்சத்திரம் பக்கம். பாகற்காயில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். மூன்று வருஷம் முன்பு ஒரு திட்டத்தில் பத்துப் பெட்டி கொடுத்தார்கள். ஒருநாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, ஒரு சான்றிதழ். அதோடு சரி. அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நாலாவது மாதம் ஒரு மூடியைத் திறந்தேன். தேனீச் சத்தமே இல்லை. தேனடை முழுக்க வெள்ளை நூலாம்படை, உள்ளே பழுப்புப் புழுக்கள் சுரங்கம் போட்டுக்கொண்டு நெளிகின்றன. கையில் எடுத்ததும் அடை தூளாக உதிர்ந்தது. அது மெழுகு அந்துப்பூச்சி என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் மகள் கேட்டாள், "அப்பா, ஈ எல்லாம் எங்கே போச்சு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெட்டிகளில் இப்போது கோழி முட்டை வைக்கிறது.

பானைத்தேன்:
இதற்கு இலவசத்தைக் குற்றம் சொல்வது நியாயமா அண்ணே? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததுதான் குற்றம். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்தப் புழு வந்திருக்கும்.

நான் ஒரு பைசா கொடுக்காமல் தொடங்கியவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கூட்டம் கொடுத்தார். கொடுத்த அன்றே பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச் சட்டம் ஒன்றைத் தூக்கி, சூரியன் என் தோளுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி என்னைத் திருப்பி நிற்க வைத்தார். "அறைக்குள்ளே பாரு" என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்த பிறகு ஒவ்வொரு அறையின் அடியிலும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று நிற்பது தெரிந்தது. "இது இருந்தால் ராணி இருக்கு. ராணியைத் தேடி அலையாதே, முட்டையைப் பாரு" என்றார். இன்றைக்கு என்னிடம் 22 பெட்டி இருக்கிறது. அன்றைக்கு அவர் காசு கேட்டிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

ஏழு சட்டம்:
உனக்குக் கிடைத்தது பெட்டி இல்லை தம்பி, அந்தப் பெரியவர். தோட்டக்காரன் பத்துப் பேருக்குப் பத்துப் பெரியவரை எங்கே தேடுவான்?

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். 1991இல் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்கிற தேனீப் புழு நோய் வந்தபோது எனக்கு 24 வயது. கேரளத்திலும் நம் பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூறு கூட்டம் இரண்டே வருஷத்தில் போனது. என் அப்பாவிடம் 60 பெட்டி இருந்தது, மிஞ்சியது மூன்று. புழு அறைக்குள்ளேயே தலையை நிமிர்த்திக்கொண்டு படகு மாதிரி செத்துக் கிடக்கும். முள்ளால் எடுத்தால் தண்ணீர்ப் பை போல வரும். வைரஸ், மருந்து கிடையாது. நோயுள்ள சட்டத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும், செத்த கூட்டத்தின் தேனை அடுத்த கூட்டம் திருடித் தின்றதும் அதை ஊர் முழுக்கக் கொண்டு போனது. கவனிக்காமல் விட்ட ஒரு இலவசப் பெட்டி சுற்றியிருக்கிற எல்லார் பெட்டிக்கும் ஆபத்து. அதனால்தான் பயப்படுகிறேன்.

புதுப்பெட்டி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இலவசமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ள நினைக்கிற ஆள் நான்தான். நாகர்கோவிலில் வீடு, பின்னால் 14 தென்னை, கொஞ்சம் முருங்கை. வேலைக்குப் போகிறேன், சனி ஞாயிறுதான் நேரம். என்னைப் போல ஒருத்தி கேட்டால் கொடுப்பீர்களா மாட்டீர்களா? எனக்குத் தேன் விற்று லாபம் பார்க்க வேண்டாம். ஒரு கூட்டத்தைச் சாகாமல் வைத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குலசேகரம் தோட்டக்காரன்:
தங்கச்சி, உன்னை மாதிரி ஆளுக்காகத்தான் இந்தப் பேச்சையே எடுத்தேன். தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடும், மகரந்தத்துக்குக் குறை வராது. பெட்டித் தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பும் ஏறாது. வாரம் ஒருநாள் பார்த்தால் ஒரு பெட்டிக்குப் போதும்.

ஏழு சட்டம் அண்ணன் நோயைப் பற்றிச் சொன்னது எனக்கு உறைத்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

மெல்லிபெரா:
எல்லாரும் இந்தியத் தேனீயையே பேசுகிறீர்கள். இத்தாலியத் தேனீ கொடுத்தால் கூட்டம் ஓடாது, தேனும் பல மடங்கு. சாக்புரூட் பயமும் குறைவு.

பானைத்தேன்:
அண்ணே, அதற்குத் தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியைப் பார்க்கத் தெரிய வேண்டும், பூ இருக்கிற இடத்துக்கெல்லாம் லாரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் 14 தென்னை வைத்திருக்கிறவருக்கு அது வேண்டாம். நம் தேனீ உண்ணியைத் தானே தட்டிவிடும்.

பாகல் பந்தல்:
எனக்கு ஒன்று தோன்றுகிறது. எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவோம். வளர்க்கிறவர் காசு தர வேண்டாம். ஈனும் குட்டியில் பாதி கொடுத்தவருக்கு. பெட்டியையும் அப்படி விட்டால் என்ன? ஒரு வருஷம் வளர்த்து, அடுத்த நவம்பரில் பிரித்து, ஒரு கூட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். அது அடுத்த புது ஆளுக்குப் போகட்டும். வாங்குகிறவர் ஏழையானாலும் கௌரவமாக வாங்குவார். பிரிக்கிற அளவுக்குக் கூட்டத்தைப் பெருக்க வேண்டுமே என்பதற்காகவாவது ஆடியில் பாகு வைப்பார்.

ஏழு சட்டம்:
வாரம் நல்ல யோசனை. ஆனால் திரும்பி வருகிற கூட்டம் எந்த நோயோடு வருகிறது என்று யார் பார்ப்பது? நான் என்றால் திரும்பி வந்ததை என் பெட்டிகள் பக்கமே விட மாட்டேன்.

பானைத்தேன்:
அப்படியானால் வாங்கியவர் வீட்டிலேயே பிரித்து, நேராக மூன்றாவது ஆள் வீட்டுக்கு அனுப்பலாம். பிரிக்கிற அன்றைக்கு நம்மில் ஒருவர் போய் புழுவைப் பார்த்துவிட்டு வரலாம். பிரித்த கூட்டத்தில் புது ராணி பொரித்து, இணைந்து, முட்டை வைக்க இரண்டு வாரம் போல ஆகும். அதற்குள் இன்னொரு தடவையும் போக வேண்டியிருக்கும். ராணி இல்லாமல் போய், வேலைக்காரத் தேனீ ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை வைத்திருப்பதைப் புது ஆள் பார்த்தால் கூட்டம் நன்றாகப் பெருகுகிறது என்று சந்தோஷப்படுவார். அதிலிருந்து வருவது அத்தனையும் ஆண் ஈ. இதை நேரில் நின்று காட்டாமல் புரிய வைக்க முடியாது.

குலசேகரம் தோட்டக்காரன்:
எல்லாவற்றையும் படித்தேன். பத்து வேண்டாம். என்னால் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் மூன்றே பேர். வாரத்துக்கு விடுகிற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நவம்பரில் கையில் கொடுக்கப் போவதில்லை. பிரித்த கூட்டம் என் தோட்டத்திலேயே இருக்கும், பெயர் எழுதி வைத்துவிடுகிறேன். மூன்று பேரும் ஞாயிறுதோறும் வந்து அவரவர் பெட்டியை அவரவரே திறக்கட்டும். மழைக்காலத்தையும் இங்கேயே தாண்டட்டும். செப்டம்பர் கடைசியில் கூட்டம் உயிரோடு இருந்தால் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஏழு சட்டம்:
கிட்டத்தட்ட ஒரு வருஷம் உன் சர்க்கரை, உன் நேரம். அவர்கள் வருவதை நிறுத்திவிட்டால்?

குலசேகரம் தோட்டக்காரன்:
நிறுத்தினால் கூட்டம் என்னிடமே இருக்கும் அண்ணே. ஒரு ஈ கூட சாகாது.

புதுப்பெட்டி:
நான் வருகிறேன். குலசேகரத்துக்குக் காலையில் பேருந்து இருக்கிறது. என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும்?

ஏழு சட்டம்:
வெளிர் நிறத்தில் முழுக்கை. தலையில் எண்ணெய் வாசனை, பூ, சென்ட் எதுவும் வேண்டாம் அம்மா. கூந்தலை இறுக்கிக் கட்டி மேலே துணி சுற்றிக்கொள், ஈ முடிக்குள் சிக்கினால் கொட்டிவிடும். கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடு, பிடித்து இழுக்காதே. ஒவ்வாமை உள்ளவரா என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்.

தோட்டக்காரா, இலவசம் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் முதல் ஞாயிறு நானும் வருகிறேன். நோய் ஒட்டி வரக் கூடாது என்பதால் என் புகைப்பானையும் கத்தியையும் கொண்டு வர மாட்டேன், உன்னுடையதைக் கொதிநீரில் கழுவி வை.