முதுகு வளைந்த கப்பி மீன்களுக்கு மட்டும் கட்டி வருகிறது, புற்றுநோயா?

குட்டிவால்:
60 லிட்டர் தொட்டி, மூன்று வருடமாக ஒரே வம்சக் கப்பிகள். நான்கு மீன்களுக்கு முதுகு பாம்பு போல நெளிந்திருக்கிறது. இப்போது அந்த நான்கில் இரண்டுக்கு வயிற்றுப் பக்கம் கட்டி, ஒன்றுக்குச் செதிலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. நேரான மீன்களுக்கு ஒன்றுமில்லை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். உப்பு போட்டுப் பார்த்தேன், பலனில்லை. சொந்தத்துக்குள்ளேயே பெருகியதால் முதுகும் கெட்டு, அதே கோளாறு கட்டியாகவும் வந்துவிட்டதா?

பாசிக்கல்:
எப்போது வளைந்தது என்று சொல்லவே இல்லையே. குட்டியிலிருந்தே வளைவு என்றால் பரம்பரையாக இருக்கலாம், கப்பிகளில் அது உண்டு. பழைய தீவனத்தில் வைட்டமின் சி போய்விட்டால்கூட வளரும் குட்டிகளுக்கு எலும்பு கோணும், ஆனால் அது கட்டியைக் கொண்டுவராது. நன்றாக இருந்த மீன் பின்னால் வளைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மீன் காசநோயைத்தான். மைக்கோபாக்டீரியம் மரினம் போன்ற கிருமிகள் உள்ளுறுப்புகளில் முடிச்சு முடிச்சாக உண்டாக்கும், வெளியே பார்த்தால் கட்டி போலவே தெரியும்.

குட்டிவால்:
இரண்டு பிறந்ததிலிருந்தே அப்படி, மற்ற இரண்டும் ஆறு மாதத்துக்குள் வளைந்தவை. அட, கட்டி வந்திருப்பது பின்னால் வளைந்த இரண்டுக்கும்தான்! இதை நான் கவனிக்கவே இல்லை.

நுண்ணோக்கி:
ஆய்வகத்தில் ஜீப்ரா மீன் பார்ப்பவன். அங்கே வயதான மீன்களுக்கு விந்தகம், குடல், பித்தநாளத்தில் கட்டி தானாக வருவது சகஜம், குடல் கட்டிக்கும் ஒரு வகைப் புழுத் தொற்றுக்கும் தொடர்பும் பார்த்திருக்கிறார்கள். முதுகு வளைவுக்கோ சூடோலோமா என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். ஆக இரண்டும் ஒரே மீனில் இருப்பதால் மட்டும் காரணம் ஒன்று என்று ஆகிவிடாது. பரம்பரையால் வரும் கட்டியும் உண்டுதான், பிளாட்டியையும் வாள்வால் மீனையும் கலந்தால் பிறக்கும் சில குட்டிகளுக்குக் கருப்புக் கட்டி வருவது 1920களிலேயே தெரிந்த விஷயம். உங்களுடையது கருப்பா?

குட்டிவால்:
இல்லை, வெளிறிய நிறம்.

நுண்ணோக்கி:
அப்படியானால் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். தானாகச் சாகும்வரை காத்திருக்காதீர்கள், செத்த மீன் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், திசு கெட்டுப்போகும். கிராம்பு எண்ணெய் அதிகம் கலந்த தண்ணீரில் விட்டு, செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் வயிற்றைக் கீறி, மீனைவிடப் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு மீன் நோய் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அமிலம் தாங்கும் பாக்டீரியாவுக்கான சாயம் போட்டுப் பார்க்கச் சொல்ல மறக்காதீர்கள், மீன் காசநோய்க் கிருமி அந்த வகைதான்.

பாசிக்கல்:
இன்னொன்று, கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடவே கூடாது. மரினம் மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும், ஆற மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டி வரும். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மற்ற தொட்டிகளுக்கு அதே வலை, அதே குழாய் வேண்டாம்.

குட்டிவால்:
முடிவு வந்துவிட்டது. ஒன்றில் முடிச்சுகளும் சிவப்புச் சாயம் பிடித்த குச்சிக் கிருமிகளும், அதாவது மீன் காசநோயின் அடையாளம், புற்றுநோய் இல்லை. மற்றது நான் யோசித்துக்கொண்டிருந்த இரவிலேயே செத்து மிதந்தது, அனுப்பியும் திசு சிதைந்துவிட்டதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றார்கள். பிறவியிலேயே வளைந்த இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன, ஆனாலும் அந்தத் தொட்டியிலிருந்து யாருக்கும் குட்டி கொடுப்பதில்லை.