பாமிர் சாலையில் 4×5 ஃபிலிம்: வழியிலேயே கழுவுவதா, சுமந்து வருவதா?

மண்சாலை:
கிர்கிஸ்தானின் ஓஷில் கிளம்பி, தஜிகிஸ்தானில் முர்காப், கோரோக் வழியாக துஷான்பே, அங்கிருந்து உஸ்பெகிஸ்தான். சொந்த வண்டியில் மூன்று மாதம், கடைசியில் விமானம். கையில் 4×5 அங்குலக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் (இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ்) 100 ஷீட், ஷீட்டைப் போட்டுக் கேமராவில் செருகும் ஹோல்டர் 10. எடுத்ததை வழியில் கழுவலாமா, ஊருக்கு வந்து கழுவலாமா?

இருட்டறை:
சுமந்து வாருங்கள். சூடேறாமல் வைத்திருந்தால் எச்பி5-இல் பதிந்த பிம்பம் மூன்று மாதம் தாராளமாகத் தாங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மூடி உள்ள காலி ஷீட் பெட்டிகளைக் கூடவே எடுத்துப் போங்கள். படம் எடுத்த ஷீட்டுகளை அதே ஃபாயில் உறையில் இறுக்கமாக மடித்து வையுங்கள். தளர்வாக இருந்தால் குலுங்கும் சாலையில் ஷீட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீறிவிடும். அக்-பைடால் கணவாய் 4,655 மீட்டர். அந்தக் குளிரிலும் தூசியிலும் ஃபிலிம் கழுவும் டேங்கைத் திறப்பது வீண் வம்பு.

வெள்ளி உப்பு:
கணவாயில் கழுவச் சொல்வது யார்? நான்கு சுவர் உள்ள விடுதி அறையில் கழுவலாம். பெல்லோஸில் (கேமராவின் மடிப்புத் துருத்தி) ஊசித்துளை விழுந்திருந்தால் அது நெகட்டிவில்தான் தெரியும். மூன்று மாதம் கழித்துத் தெரிந்து என்ன பயன்? விமான நிலையச் சோதனை வேறு இருக்கிறது. கழுவாத ஃபிலிமை சி.டி. ஸ்கேனரில் விட வேண்டாம் என்கிறது கோடாக். கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

இருட்டறை:
ஸ்கேனருக்கு வழி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது. தண்ணீருக்கு என்ன வழி? 100 ஷீட்டுக்கான ரசாயனத்தை எங்கே வைப்பீர்கள்?

வெள்ளி உப்பு:
கணக்கைப் பாருங்கள். எஸ்பி-445 டேங்கில் நான்கு ஷீட்டுக்கு 475 மி.லி. போதும். எச்சி-110 டெவலப்பரைத் தண்ணீரில் 1:63-இல் கலந்தால் ஒரு தடவைக்கு 7.5 மி.லி.; 25 தடவைக்கு 190 மி.லி.தான். 20 டிகிரியில் 10 நிமிடம். வழக்கமான 1:31-இல் 5 நிமிடம்தான் வரும்; அறை சூடாக இருந்தால் அது இன்னும் குறைந்து திட்டுத்திட்டாகக் கழுவும். பிம்பத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் 1:4, ஒரு கலவையில் 40 ஷீட் வரை ஓடும். அலசுவதற்கு இல்ஃபோர்ட் முறை: தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, பிறகு 10, பிறகு 20. எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு மூன்று லிட்டருக்குள் முடிந்துவிடும். கடைசி முக்கலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். 18 டிகிரிக்குக் கீழே போனால் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் மந்தமாகிவிடும். டேங்கை வெந்நீர் வாளியில் நிறுத்துங்கள்.

கோணமானி:
இரண்டு பேருமே தூசியை விட்டுவிட்டீர்கள். பாதி ஷீட் கெடுவது ஹோல்டரில்தான். எடுப்பதற்கு முன் ஷீட்டில் தூசி உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஒளி படாது. நெகட்டிவில் தெளிந்த புள்ளி, பிரிண்டில் கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு ஹோல்டரையும் ஜிப் பைக்குள் போடுங்கள். ஷீட் மாற்றும் இருட்டு டென்டுக்குள் வைக்குமுன் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். ஹோல்டரை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை மெதுவாக இழுங்கள். வறண்ட காற்றில் வேகமாக இழுத்தால் மின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கும். லென்ஸைப் பலகையோடு பிடிக்கும் வளையத்தைத் தினமும் திருகிப் பாருங்கள், அந்தச் சாலையில் தானாகவே கழன்றுவிடும்.

இருட்டறை:
தூசி விஷயத்தில் முழு உடன்பாடு. அதனால்தான் ஈர நெகட்டிவை விடுதி அறையில் காயப்போட வேண்டாம் என்கிறேன். ஈர ஜெலட்டினில் ஒட்டிய தூசி போகவே போகாது. பெல்லோஸ் சந்தேகத்துக்கு ராத்திரி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும்.

வெள்ளி உப்பு:
டார்ச் பெல்லோஸைக் காட்டும், ஷட்டர் மந்தமானதைக் காட்டுமா? வாரத்துக்கு நான்கு ஷீட்டாவது கழுவுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி அடங்கிய பிறகு தொங்கவிட்டால் தூசி தரையில் படிந்திருக்கும்.

இருட்டறை:
வாரம் நான்கு என்றால் சரி, சோதனைக்கு. மீதியைப் பெட்டியில் வையுங்கள். ஓய்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது. ஆற்றோரம் கொட்டாமல் மூடிய கேனில் பெருநகரம் வரை கொண்டுபோங்கள். எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால், ‘ஒளி படக் கூடாது, திறக்காதீர்கள்’ என்று ரஷ்ய மொழியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். திறந்து காட்டுவதற்கென்று வீணான ஷீட் போட்ட ஒரு பெட்டியை மேலாக வைத்திருங்கள்.