ஆள் எண்ணப் போன ஊரும் பஸ் போகாத ரோட்டும் – மட்டக்களப்பு ஆக்கள் உங்கட அனுபவத்தயும் எழுதுங்க

படுவான்கரைப் பெடியன்:
2012 சனத்தொகைக் கணக்கெடுப்புல எனக்குக் கிடைச்சது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையில, போரதீவுப்பற்றுல ஒரு சின்னக் கிராமம். 1981க்குப் பிறகு எங்கட மாவட்டத்துல ஒழுங்கா எடுத்த கணக்கு அதுதான், 2001ல சண்டைக்குள்ள சரியா எடுக்க ஏலாமப் போச்சி. நான் அப்ப கிழக்குக் கரையான எழுவான்கரையில இருந்தபடியா குருமண்வெளித் துறையில பாதையில (வாவியக் கடக்கிற மிதவையில) மோட்டார் சைக்கிள ஏத்தி மண்டூருல இறங்கி அங்கால கிறவல் ரோட்டால போறது, பாதை அக்கரையில நிண்டா வெயிலுக்குள்ள காஞ்சி கொண்டு நிக்கிறதத் தவிர வேற வழியில்ல.

ஒரு வீட்டுல வயசான அம்மா ஒராள், எத்தின பேர் இரிக்கீங்க எண்டு கேட்டா விரல மடக்கி மடக்கி எட்டுப் பேர் சொல்றா. உள்ளுக்கு எட்டிப் பாத்தா மூணு பாய்தான் சுருட்டிக் கிடக்கு. மூத்தவன் கட்டாருல, மகள் கல்லடியில வாடகைக்கு, பேரப்புள்ளைகள் ஏஎல் (உயர்தரம்) படிக்க களுவாஞ்சிகுடியில சொந்தக்காரர் வீட்டுல. வழமையா இஞ்ச இரிக்கிற ஆக்களத்தான் எழுதலாம் எண்டு சொல்ல அவ என்ட கையப் புடிச்சிக்கொண்டு, "எல்லாரயும் எழுது மனே, ஆள் குறஞ்ச ஊரெண்டு காலைல வாற ஒரு பஸ்ஸயும் நிப்பாட்டிப் போடுவாங்க" எண்டா. எழுத ஏலாது, ஆனா அந்தக் கத சரியான கத. பஸ் இல்லாததாலதான் புள்ளைகள் ஊர விட்டுப் போகுதுகள், மறுகா ஆள் இல்ல எண்டு சொல்லி பஸ் விடுறாங்க இல்ல. மாவட்டம் 1981ல 3 லட்சத்து 30 ஆயிரம், 2012ல 5 லட்சத்து 26 ஆயிரம் எண்டு கூடித்தான் இரிக்கி, ஆனா கூடினது எந்தக் கரையில, எந்த ரோட்டோரம் எண்டதயும் சேத்துப் பாக்கணும்.

கிரான் டீச்சர்:
தம்பி, எங்கட பக்கம் பாதையும் இல்ல, ரோட்டுத்தான், அதுவும் மாரி வந்தா இல்ல. கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால தண்ணி பாயத் தொடங்கினா வள்ளம்தான். முந்தி ஓஎல் (சாதாரண தர) சோதினை மார்கழியில வாறது, வெள்ளமும் அந்த நேரம்தான், புள்ளைகள் அட்மிசன் கார்ட்ட பொலித்தீனுல சுத்தி சட்டைக்குள்ள வெச்சிக்கொண்டு வள்ளத்துல குந்தியிருந்து வருங்கள், ஈர உடுப்போட சோதினை எழுதினதுகளயும் கண்டிரிக்கன். நல்லாப் படிக்கிற புள்ளையெண்டா தாய் தகப்பன் அடுத்த வரிசமே ரவுனுக்கு அனுப்பிப் போடுவாங்க. அவங்களக் குறை சொல்ல ஏலாது.

மகிழடித்தீவான்:
2014ல வாவிக்கு மேலால மண்முனைப் பாலம் திறக்க முன்னம் எங்களுக்கும் இதே நிலமதான். ராவையில பாதை ஓடாது, வருத்தக்காரர ஏத்துறதெண்டா ஒண்டு வவுணதீவால சுத்தணும், இல்லாட்டி பட்டிருப்பால சுத்தணும். ஜப்பான்காரர்ட உதவியில பாலம் வந்த பிறகு ஓட்டோவ எந்நேரமும் கூப்பிடலாம், கச்சான் விக்கிற மனிசி கூட ஆரையம்பதிச் சந்தைக்குப் போட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்ட வந்திருவா. எங்கட ஒழுங்கையில வீட்டப் பூட்டிப்போட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வந்து கிணத்த இறைச்சி, வேலிய அடைச்சி குடியிருக்குதுகள். இத நான் என்ட கண்ணால கண்டது, ஆரும் புத்தகத்துல எழுதி வெக்கல்ல.

படுவான்கரைப் பெடியன்:
அண்ணன், இதத்தான் நான் தேடினது. 2024லயும் கணக்கு எடுத்தாங்கதானே, பாலம் வாறதுக்கு முந்தின கணக்கும் பிந்தின கணக்கும் உங்கட ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) எடுக்கலாமெண்டா சொல்லுங்க. மண்டூர்ப் பக்கத்து ஊருகளுக்கு பின்னேர பஸ் ஒண்டு கேட்டு கடிதம் எழுதுறம், அதோட சேத்துக் குடுக்கலாம். டீச்சர், வெள்ளத்துக்க வராம விட்ட புள்ளைகள்ட வரவு விபரம் பேர் இல்லாம தந்தீங்கெண்டா அதயும் வெப்பம்.