1970 செவெல் காரில் கேம்பர் ட்ரெய்லர் இழுத்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே, அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1970 செவெல் எஸ்.எஸ். 396, டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். இதில் 1,500 பவுண்டு கேம்பர் ட்ரெய்லரைக் கட்டி ஃபிளாக்ஸ்டாஃப் போக ஆசை. "பிக்கப் வாடகைக்கு எடு" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து தாண்டிப் போய்விடுங்கள், வீட்டிலேயே கேட்டுக் காது புளித்துவிட்டது.

இழுக்கிற சக்தியைப் பற்றிக் கவலை இல்லை. தனி சேஸிஸ் உள்ள வண்டி என்பதால் ட்ரெய்லரைக் கோக்கும் ஹிட்சை அதிலேயே போல்ட் போட்டு மாட்டியாயிற்று. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்குகிற மாதிரி சாமான் அடுக்கவும் தெரியும். பயமெல்லாம் சூட்டிலும் இறக்கத்திலும்தான். ஐ-17 சாலையில் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி வரும் ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள், புது வண்டிக்கே அந்தக் கதி. கியர் ஆயிலுக்குத் தனி கூலர் வாங்கப் போகிறேன், ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால் இன்ஜின் சூடு கூடுமா?

ட்ரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருக்கிறது. அதைக் காரிலிருந்து இயக்கும் கன்ட்ரோலருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர், பிரேக் பெடல் சுவிட்சிலிருந்து ஒரு வயர், சரி, ஆனால் இந்தப் பழைய வயரிங் தாங்குமா?

அப்புறம், ட்ரெய்லர் விளக்கை இணைத்ததும் இன்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது. இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பழைய ஃப்ளாஷர் லோடு கூடினால் அப்படித்தான் செய்யும். ஹெவி டியூட்டி ஃப்ளாஷர் போட்டால் போதுமா, இல்லை ட்ரெய்லர் பல்பையெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றணுமா?