ரப்பர் பட்டை யாரிடம் இருக்கிறது?

சித்தி: குட்டிக்கு நாளைக் காலை வகுப்பில் ஐந்து நிமிடப் பேச்சு. பிரபஞ்சம் விரிகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் தலைப்பு. இப்போதுதான் வாயைத் திறக்கிறாள்.

அண்ணன்: இரவு ஒன்பது மணிக்கா 😂

சித்தி: பெரியப்பாவிடம் கேள் என்றால் பயப்படுகிறாள்

சித்தப்பா: பயப்படாமல் என்ன செய்வாள். போன முறை கிரகணத்தைப் பற்றிக் கேட்டாள், கிரகணமே முடிந்துவிட்டது.

பெரியப்பா: படித்தேன். குட்டி, ஒலியிலிருந்து ஆரம்பி. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் சட்டென்று இறங்கும். வரும்போது அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன, போகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. 1842இல் டாப்ளர் என்ற இயற்பியலாளர் சொன்னது இது. 1845இல் பைஸ் பாலட் என்பவர் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றிவிட்டு, தண்டவாளத்தின் ஓரம் சுருதி பிடிக்கத் தெரிந்தவர்களை நிறுத்தி இதைச் சோதித்தார். (தொடரும்)

அண்ணன்: தொடருமா!

அத்தை: ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலம் இந்த வாரம் பூமிமேல் மோதப் போகிறதாமே? இப்போதுதான் ஒன்று வந்தது, எல்லோருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறது.

சித்தப்பா: அக்கா, அனுப்பாதே

பெரியப்பா: ஒளியும் அலைதான். விலகிப் போனால் அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகரும். அந்த விண்மீனே சிவப்பாக இருந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். நிறத்தைப் பார்ப்பதில்லை, ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகளைப் பார்க்கிறோம். ஹைட்ரஜனின் ஒரு கோடு எப்போதும் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும், அதன் கைரேகை மாதிரி. அதே கோடு ஒரு விண்மீன் மண்டலத்தில் 689இல் தெரிந்தால் 5 சதவீதம் நீண்டிருக்கிறது. அப்படியென்றால் ஒளியின் வேகத்தில் 5 சதவீதம், அதாவது நொடிக்குச் சுமார் 15,000 கி.மீ. வேகம். அந்த வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 70 கோடி ஒளியாண்டு தூரம்.

குட்டி: பெரியப்பா 5 நிமிடம்தான்

அத்தை: அப்பா வாங்கிய தொலைநோக்கியில் அது தெரியுமா?

பெரியப்பா: அது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் பார்த்துச் சொல்லலாம்.

சித்தப்பா: மறுபடியுமா அண்ணா? லென்ஸ் நான் வாங்கும்போதே கீறியிருந்தது.

அண்ணன்: அப்பா, ரயில் உதாரணம் பாதிதான் சரி. மண்டலங்கள் விண்வெளிக்குள் ஓடவில்லை, விண்வெளிதான் நீள்கிறது. வழியில் வரும் அலையும் கூடவே நீள்கிறது. குட்டி, ஒரு ரப்பர் பட்டையில் 1, 2, 3 செ.மீ. என்று புள்ளி வை. இரண்டு மடங்கு இழுத்தால் 2, 4, 6. முதல் புள்ளி 1 செ.மீ. நகர்ந்திருக்கும், கடைசிப் புள்ளி 3. தூரத்தில் இருப்பது வேகமாக விலகுகிறது, 1929இல் வானியலாளர் ஹப்பிள் காட்டியதும் இதைத்தான். எந்தப் புள்ளியில் நின்றாலும் மற்றவை விலகுவதாகத்தான் தெரியும். நாம் நடுவில் இல்லை.

அத்தை: எல்லோரும் விலகுகிறார்கள், ஆனால் யாரும் நடுவில் இல்லை. நம் குடும்பம்தான்.

சித்தி: 🤐

அத்தை: ஆண்ட்ரோமீடாவுக்குப் பதில் சொல்லுங்கள்

பெரியப்பா: அது நம்மை நோக்கி வருவது உண்மை. 1912இல் ஸ்லைஃபர் என்ற வானியலாளர் அளந்தார், நொடிக்குச் சுமார் 300 கி.மீ. பக்கத்தில் இருப்பதால் ஈர்ப்பு வென்றுவிடுகிறது. ஆனால் தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. அதே வேகத்தில் நேராக வந்தாலும் 250 கோடி வருடம் ஆகும்.

சித்தப்பா: அதற்குள் தொலைநோக்கியைத் தந்துவிடுகிறேன்

பெரியப்பா: சிரிக்கிறாய். ஞாயிறு நான் அங்கே வருகிறேன்.

சித்தப்பா: ஞாயிறு இருப்போமா என்று பார்த்துச் சொல்கிறேன்

குட்டி: ரப்பர் மட்டும் செய்யப் போகிறேன். குட் நைட்

பெரியப்பா: லெமேத்ர் என்ற வானியலாளரை விட்டுவிடாதே. ஹப்பிளுக்கு இரண்டு வருடம் முன்பே, 1927இல் அவர்

அண்ணன்: அப்பா, அவள் தூங்கிவிட்டாள்

சித்தி: வீட்டில் ரப்பர் பட்டையே இல்லை. காலையில் யாராவது அந்தப் பக்கம் வருகிறீர்களா?