மூன்று சின்ன ஊர்களுக்குச் சேர்த்து ஒரே போலீஸ்: செலவை எப்படிப் பிரிப்பார்கள்?

கேள்வி: மாடிவீடு

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்ன பரோவில் (சொந்தக் கவுன்சிலும் மேயரும் உள்ள சிற்றூர்) வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். ஊருக்கென்று தனியாகப் போலீஸ் துறை இருக்கிறது, ஆனால் முழுநேர ஆட்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் பகுதிநேரம். இப்போது பக்கத்திலிருக்கும் இரண்டு டவுன்ஷிப்களோடு (பரோ மாதிரியே தனி நிர்வாகம் உள்ள ஊர்கள்) சேர்ந்து வட்டாரப் போலீஸ் துறை ஒன்று அமைக்கலாம் என்று கவுன்சிலில் பேச்சு ஓடுகிறது. போன கூட்டத்தில் பாதிப் பேர் வரி குறையும் என்றார்கள், மீதிப் பேர் பெரிய டவுன்ஷிப்பின் செலவை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றார்கள். இருக்கிற துறையையே கலைத்துவிட்டு மாநிலப் போலீஸிடம் விட்டால் இலவசம்தானே என்று ஒருவர் கேட்டார், அதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: உண்மையிலேயே செலவு குறையுமா? யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் ஆள் வருமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பட்ஜெட்பிரியன்

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி வேலை என்றால் ஒருவருக்கு நீங்கள் சம்பளம் தருவது 2,080 மணிக்கு. விடுப்பு, பயிற்சி, கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகும் நாள் எல்லாம் கழித்தால் அவர் ஊருக்குள் ரோந்தில் இருப்பது 1,700 சொச்சம் மணிதான். ஆக, இரவு பகல் எந்நேரமும் ஒரே ஒரு ஆள் வண்டியில் இருக்க வேண்டும் என்றாலே ஐந்து பேர் வேண்டும். உங்கள் ஊரில் மூன்று பேர். இடைவெளியைப் பகுதிநேர ஆட்களை வைத்துத்தான் அடைக்கிறார்கள். அவர்களும் நிலைப்பதில்லை, முழுநேர வேலை எங்கே கிடைத்தாலும் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்று ஊர் சேர்ந்தால் மூன்று தலைமை அதிகாரிக்குப் பதில் ஒருவர் போதும். ஆவண அறை, தடயப் பொருள் வைக்கும் அறை, காப்பீடு எல்லாம் ஒன்றாகிவிடும். மிச்சம் வருவது இங்கேதான். ஆனால் வரி குறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். மூன்று துறையிலும் மூன்று விதச் சம்பளம் இருக்கும், சேரும்போது யாரும் குறைந்த சம்பளத்துக்கு இறங்கி வர மாட்டார்கள், எது அதிகமோ அதற்குத்தான் எல்லோரும் ஏறுவார்கள். இந்த மாநிலத்தில் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக 1968ஆம் வருடச் சட்டம் 111 நடுவர் தீர்ப்பு கேட்கும் உரிமையை அவர்களுக்குத் தந்திருக்கிறது, அந்தத் தீர்ப்பு ஊரைக் கட்டுப்படுத்தும். அதனால் முதல் சில வருடம் செலவு கூடவே செய்யலாம். அதே பணத்துக்கு அதிக நேரம் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் நியாயமான கேள்வி.

பதில்: கிழக்குச்சாலை

செலவு பிரிப்பதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கூட்டணிகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கலாம், சொத்து மதிப்பை வைத்துப் பிரிக்கலாம், எத்தனை அழைப்பு வந்தது என்று பார்த்துப் பிரிக்கலாம், இல்லை இத்தனை மணி நேர ரோந்து வேண்டும் என்று ஒவ்வொரு ஊரும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்றைக் கலந்தும் செய்கிறார்கள். மக்கள்தொகை என்றால் கணக்கு சுலபம், ஆனால் டவுன்ஷிப்பில் ஒரு பெரிய கடைவளாகம் இருந்தால் அங்கே தினமும் திருட்டுப் புகார், வாகன நிறுத்துமிடத்தில் உரசல், அதற்கெல்லாம் போகிற நேரத்துக்கு உங்கள் பரோவும் சேர்த்துப் பணம் கட்டும். சொத்து மதிப்பு என்றால் அந்தக் கடைவளாகமே டவுன்ஷிப்பின் பங்கை ஏற்றிவிடும், அந்த வகையில் அது பரவாயில்லை.

அழைப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடி வாங்குகிற சத்தம் கேட்கிறது, போன் செய்யலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். கூப்பிட்டால் ஊருக்குச் செலவு என்ற பேச்சும் கிளம்பிவிட்டால் அந்தத் தயக்கம் இன்னும் கூடும். அதோடு, எல்லையில் போகும் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் அது யார் கணக்கு என்று வருடா வருடம் சண்டை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணப் போலீஸ், ஊர்களுக்குப் பில் போடும்போது ஒரு பகுதியை எல்லாச் சொத்துகளுக்கும் சமமாக அடிப்படைக் கட்டணமாகவும், இன்னொரு பகுதியை அழைப்புகளை வைத்தும் போடுகிறது, அதிலும் அழைப்புகளுக்கு நான்கு வருடச் சராசரிதான். ஒரு மோசமான வருடம் ஒரு சின்ன ஊரைக் கவிழ்த்துவிடாமல் இருக்க இந்தச் சராசரி உதவும்.

உங்கள் மாநிலத்திலேயே யார்க் கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) 1972 முதல் இயங்கும் வடக்கு யார்க் வட்டாரப் போலீஸ் இருக்கிறது. அங்கே ஊர்கள் ரோந்து நேரத்தை அலகு அலகாக வாங்குகின்றன. எனக்கு இந்த முறைதான் பிடித்தது. வாங்கிய மணி நேரம் நம் ஊருக்குள் கழிந்ததா என்று மாதா மாதம் அறிக்கை கேட்கலாம், சந்தேகம் இருந்தால் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம்.

பதில்: லேக்வுட்பக்கம்

நான் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், இங்கே கதை வேறு. 1954இல் லேக்வுட் நகரம் உருவானபோதே தனிப் போலீஸ் வைக்காமல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியின் போலீஸ் வேலையைப் பார்க்கும் ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டது, அப்புறம் பல ஊர்கள் அதே வழியில் போயின. காம்ப்டன் மாதிரி சொந்தத் துறையைக் கலைத்துவிட்டு 2000இல் ஷெரிஃபிடம் போன நகரமும் உண்டு. எத்தனை வண்டி வேண்டும் என்று நகரம் சொல்லும். ஆனால் சம்பளத்தைப் பேசி முடிப்பது கவுன்ட்டி, விலை ஏறினால் நகரம் கட்ட வேண்டியதுதான், இல்லையென்றால் வண்டியைக் குறைக்க வேண்டும். உங்களுக்கு இந்த வழி கிடைக்கவே கிடைக்காது என்று நினைக்கிறேன், பென்சில்வேனியா ஷெரிஃபுகளின் வேலை பெரும்பாலும் கோர்ட்டோடு சம்பந்தப்பட்டது.

மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி, அந்த ஐந்து ஆள் கணக்கைக் கவுன்சிலில் யாரும் சொல்லவே இல்லை. மாநிலப் போலீஸ் இலவசம் என்பது சரிதானா? இன்னொன்று, எங்கள் மேயர் இந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்க்கிறார், காரணம் புரியவில்லை.

பதில்: பட்ஜெட்பிரியன்

இன்றைக்கு ஊருக்குப் பில் வராது என்பது சரி. மாநிலத்தில் ஏறக்குறைய பாதி ஊர்கள் முழுக்க மாநிலப் போலீஸை நம்பித்தான் இருக்கின்றன. 2017இல் ஆளுநர் டாம் உல்ஃப் அந்த ஊர்களிடம் தலைக்கு 25 டாலர் வாங்கலாம் என்றார், சட்டமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. எப்போதும் இப்படியே இருக்கும் என்று நம்பி உள்ளூர்த் துறையைக் கலைப்பது ஆபத்து, ஒருமுறை கலைத்தால் திரும்பக் கட்டுவது பெரும்பாடு. மாநிலப் போலீஸார் பெரிய பரப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், உங்கள் தெருவில் வண்டி நிறுத்தும் தகராறுக்கெல்லாம் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மேயர் விஷயம் சுலபம். பரோ சட்டப்படி போலீஸ் இருப்பது மேயரின் பொறுப்பில். வட்டாரத் துறை வந்தால் அந்த அதிகாரம் ஊர்களின் பிரதிநிதிகள் உட்காரும் கமிஷனுக்குப் போய்விடும். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. கமிஷனில் ஊருக்கு ஒரு ஓட்டா, இல்லை பணம் அதிகம் தருபவருக்கு அதிக ஓட்டா என்று கேளுங்கள்.

பதில்: கிழக்குச்சாலை

அதோடு வெளியேறும் விதியையும் கேளுங்கள். ஒரு ஊர் விலக நினைத்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வண்டிகள் யாருக்கு, அதுவரை சேர்ந்த பென்ஷன் பாக்கியை யார் சுமப்பது? பென்ஷன்தான் பெரிய தொகை, நேற்று ஓய்வு பெற்றவருக்கு இன்னும் முப்பது வருடம் பணம் போகலாம், துறை கலைந்தாலும் அந்தக் கடன் கலையாது. இது ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லையென்றால் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

கவுன்சில் கேட்டால் மாநிலத்தின் சமூக, பொருளாதார வளர்ச்சித் துறை வட்டாரப் போலீஸ் சாத்தியமா என்று இலவசமாகவே ஆய்வு செய்து தருகிறது. அந்த அறிக்கை வரும் வரை ஓட்டெடுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இதை உள்ளூர்ச் சட்டமாகத்தான் நிறைவேற்ற வேண்டும், அதற்கு முன்பு அறிவிப்பு வரும், கூட்டத்தில் ஊர்க்காரர் எழுந்து பேசலாம். செலவுப் பிரிப்பு பற்றிய பக்கத்தின் நகலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இங்கேயும் போடுங்கள், கூட்டிப் பார்த்துச் சொல்கிறோம்.